வாயாடி வீரனின் வரலாறு

தெருக்கூத்தைக் கண்டவர்கள் கட்டியங்காரனை மறந்திருக்கமாட்டார்கள். அரசன் வீரம் பேசுவான். கட்டியங்காரன் அவ்வீரத்தையே கேலி செய்து அவையைச் சிரிக்க வைப்பான். இருவருக்கும் தொழில் வேறு. அவ்விரு தொழிலையும் ஒருவனே மேற்கொண்டு, பகைவரைச் சுட்டுக்கொண்டே நகையாடவும் செய்தால் எப்படியிருக்கும்? அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்துக் கணிப்பொறி விளையாட்டு நிறுவனமொன்று அத்தகைய ஒருவனைப் படைத்தது. அவன் பெயர் டியூக் நியூக்கம்.

அப்போஜி என்னும் அந்நிறுவனத்தை 1987ஆம் ஆண்டில் தொடங்கியவர் ஸ்காட் மில்லர். விளையாட்டின் முதற்பகுதியை இலவசமாக வழங்கிவிட்டு, சுவை கண்டவரிடம் எஞ்சிய பகுதிகளுக்கு விலை பெறுவது அவர் கையாண்ட வாணிக முறை. நம்மூர் மிட்டாய்க் கடைக்காரருக்கு இது புதிதன்று. 1991இல் வெளிவந்த முதல் டியூக், பக்கவாட்டில் ஓடியும் தாவியும் சுடும் எளிய உருவமே. பேசும் குரல் அவனுக்கில்லை. அக்காலக் கணிப்பொறியின் சிறு ஒலிபெருக்கியில் கீச்சொலிகளே எழுந்தன. 1993இல் உலகையே ஈர்த்த டூம் என்னும் ஆட்டத்தின் வீரனும் உறுமுவானேயன்றிப் பேசான்.

ஒலி அட்டைகள் பரவிய பின்னரே வீரனுக்கு வாய் முளைத்தது. 1996 ஜனவரி 29ஆம் நாள் டியூக் நியூக்கம் முப்பரிமாண ஆட்டமாக வந்தான். கென் சில்வர்மன் என்னும் இளைஞர் இயற்றிய 'பில்ட்' என்ற மென்பொருள் அதற்கு அடித்தளம். களம் லாஸ் ஏஞ்சலீஸ் நகரம். திரையரங்கில் படம் ஓட்டலாம், விளக்கை அணைக்கலாம், கண்ணாடியில் தன் முகத்தைத் தானே பார்த்து மெச்சிக்கொள்ளலாம். ஜான் செயின்ட் ஜான் என்பார் அடித்தொண்டையில் வழங்கிய குரலே ஆட்டத்தின் உயிர். பகைவன் வீழ்ந்ததும் ஒரு சொல். பெருந்துப்பாக்கி கிட்டியதும் ஒரு சொல். 1995இல் பாட்சா திரைப்படத்தின் வசனங்களுக்குத் தமிழ்நாட்டுத் திரையரங்குகள் அதிர்ந்ததை நினைப்பவர்க்கு இச்சுவையை விளக்க வேண்டுவதில்லை.

ஆயினும், அச்சொற்களிற் பல சொந்தச் சரக்கல்ல. 1988இல் வந்த 'தே லிவ்' படத்திலிருந்தும், 'ஈவில் டெட்' வரிசைப் படங்களிலிருந்தும் எடுத்தாளப்பட்டவை. படம் பார்த்தவன் இரட்டிப்பாய்ச் சிரித்தான்; பாராதவன் குரலின் மிடுக்கில் மயங்கினான். நகைச்சுவை இடத்தையும் காலத்தையும் சார்ந்தது என்பதை மொழிபெயர்ப்புத் தொழிலில் நாம் நாள்தோறும் காண்கிறோம். தமிழகமும் கேரளமும் தோள் உரசும் ஆனைகட்டியில், ஒரு வேடிக்கைப் பேச்சு சோதனைச் சாவடியைக் கடப்பதற்குள் பாதிச் சுவையை இழந்துவிடும். ஆண்டுகளைக் கடப்பது அதனினும் அரிது.

அடுத்த பாகமான 'டியூக் நியூக்கம் ஃபார் எவர்' 1997இல் அறிவிக்கப்பட்டது. மென்பொருள் அடித்தளத்தை மாற்றுவதும் மீண்டும் தொடங்குவதுமாகக் காலம் கழிந்தது. 2009இல் பணியாளர் குழு கலைக்கப்பட்டது. பின்னர் கியர்பாக்ஸ் நிறுவனம் அதனை ஏற்று 2011 ஜூனில் வெளியிட்டது. அதற்குள் சிரித்த சிறுவர் குடும்பஸ்தராகிவிட்டனர். பெண்டிரை இழிவாகக் காட்டிய கேலியை விமரிசகர் பலர் வன்மையாகக் கண்டித்தனர். அக்கண்டனம் நியாயமே என்பது நம் கருத்து; 1996இலும் அது நல்ல நகைச்சுவையன்று.

விந்தை யாதெனில், பழைய 'பில்ட்' மென்பொருள் சாகவில்லை. 2019இல் அதன்மீது 'அயன் ஃபியூரி' என்னும் புதிய ஆட்டம் எழுந்தது. அதிலும் சுடுபவர் வாயாடியே. ஆனால், ஷெல்லி என்னும் பெண். அவளை எதிர்க்கும் வில்லனுக்குக் குரல் கொடுத்தவர், முன்னாளில் டியூக்காகப் பேசிய அதே ஜான் செயின்ட் ஜான்.