பின்பக்கம் பெயர் எழுதாத படம்

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் ஒரு கருப்பு வெள்ளைப் படம். கோமுகி அணைக்கரையில் நாலு பேர் நிற்கிறார்கள். மூன்று பேரை அம்மா சொல்லிவிடுவாள். தோளில் கம்பளியோடு நிற்கும் நாலாவது ஆளைக் கேட்டால், "யாரோ மலைக்காரரு, உங்க தாத்தாவுக்குப் பழக்கம்" என்பதோடு சரி. திருப்பினால் கள்ளக்குறிச்சி ஸ்டுடியோவின் முத்திரை மட்டும் இருக்கிறது.

வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கும் இதே சங்கடம்தான். நியூயார்க்கில் ஜார்ஜ் கிரந்தம் பெய்ன் நடத்திய செய்திப்பட நிறுவனத்தின் கண்ணாடி நெகட்டிவ்கள் அங்கே குவிந்து கிடந்தன. பலவற்றில் கண்ணாடி மேலேயே கிறுக்கிய ஒன்றிரண்டு சொற்கள்தான் விவரம். பாதிப் பெயர், சிலதில் தேதி. நூறு வருஷம் கழித்து அதை வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது?

ஊரையே கேட்டுவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். 2004-ல் கனடாவின் வான்கூவரில் பிறந்த பிளிக்கர் தளத்தில் யாரும் படம் போடலாம்; பார்ப்பவர்கள் கீழே எழுதலாம், தங்களுக்குத் தோன்றிய குறிச்சொல்லை ஒட்டலாம். ஆனால் படம் போடுகிறவர்தான் அதன் உரிமையாளர் என்பது அந்தத் தளத்தின் கணக்கு. நூலகம் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. அதனால் 'தெரிந்தவரை பதிப்புரிமைத் தடை இல்லை' என்றொரு புது வாசகத்தையே உண்டாக்கினார்கள். பிளிக்கர் பக்கத்தில் இந்த வேலையை முன்நின்று நடத்தியவர் ஜார்ஜ் ஓட்ஸ் என்ற பெண். 2008 ஜனவரி 16 அன்று, ஏறக்குறைய 3,100 படங்களோடு 'பிளிக்கர் காமன்ஸ்' பிறந்தது.

கண்டவனும் கண்டதையும் எழுதுவானே என்று நூலகர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். அக்டோபர் வரை வந்த கருத்துகள் 7,166, குறிச்சொற்கள் 67,176. தகாதது என்று நீக்கியவை 25-ஐக்கூடத் தொடவில்லை! பழைய செய்தித்தாள்களைத் துருவி முழுப்பெயரையும் இடத்தையும் கண்டுபிடித்துச் சொன்னார்கள் முகம் தெரியாத வாசகர்கள். நூலகர்கள் சரிபார்த்து 500-க்கும் மேற்பட்ட பட்டியல் பதிவுகளைத் திருத்தினார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு செய்ததுதான்: தகவல் பிளிக்கர் வழியாக வந்தது என்பதையும், வந்த ஆண்டையும் பதிவிலேயே எழுதிவைத்தார்கள். சில மாதங்களில் சிட்னியின் பவர்ஹவுஸ் அருங்காட்சியகம் சேர்ந்துகொண்டது. 2013-ல் பிரிட்டிஷ் நூலகம் பழைய புத்தகங்களிலிருந்து பத்து லட்சம் படங்களை அங்கே கொண்டுவந்து கொட்டியது.

நம் பக்கத்துக் கல்வராயன் மலைக்கும் இது ரொம்ப வேண்டிய வேலை. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதிகள் கொண்டுவந்தார். அதில் பெரும்பாலான படங்களுக்குக் கீழே இருப்பது சாதிப் பெயர், ஆளின் பெயரில்லை. முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவர்கள் கரியாலூரிலும் வெள்ளிமலையிலும் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கிளை நூலகத்துக்கு ஒரு வாட்ஸப் குழுவும், வாரம் ஒரு படமும் போதும்.

போன மாசம் அந்த நாலாவது ஆளை மட்டும் பெரிதாக்கி, வெள்ளிமலைப் பக்கம் வேலை பார்க்கும் தம்பிக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் குரல் பதிவு வந்தது. பின்னால் கோழி கூவுகிறது, ஒரு பாட்டி, "இது எங்க அண்ணன்தான். அந்தக் கம்பளி நான் போத்திக்கிட்டது" என்கிறாள்.

பென்சிலால் படத்தின் பின்பக்கம் எழுதினேன். முதலில் அவர் பெயர், அதற்குக் கீழே சொன்னவர் பெயர்.