காய்கறிக் கடை மாடியில் தொடங்கி ஆயிரம் கிளைகளைத் தாண்டிய சைசெரியா

சிங்கப்பூரர்களுக்கு நன்கு பழக்கமான சைசெரியா உணவகத்தில் பாஸ்தாவும் பீட்சாவும் மலிவாகக் கிடைக்கும். உணவு இத்தாலிய பாணி என்றாலும், உணவகம் பிறந்தது ஜப்பானில். அங்கு மட்டுமே அதற்கு 1,000க்கும் அதிகமான கிளைகள் உள்ளன.

இதன் நிறுவனர் யசுஹிக்கோ ஷோகாக்கி, தோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். மாணவராக இருந்தபோதே, 1967ல், தோக்கியோவை அடுத்த இச்சிகாவா நகரில் ஒரு சிறிய உணவகத்தை ஏற்று நடத்தத் தொடங்கினார். கடை, காய்கறிக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது. படியேறி வந்து சாப்பிட ஆளில்லை. போதாக்குறைக்கு, கடைக்குள் மூண்ட கைகலப்பில் தீப்பிடித்து எல்லாம் எரிந்துபோனது.

வேறு இடம் தேட நினைத்த மகனை, அதே இடத்திலேயே தொடரும்படி தாயார் வலியுறுத்தினார். ஷோகாக்கி இத்தாலிய உணவுக்கு மாறினார். விலையைப் பாதியாகக் குறைத்தும் கூட்டம் வரவில்லை. 70 விழுக்காடு குறைத்த பிறகே வாடிக்கையாளர்கள் வரிசை பிடித்தனர். ஒரு கடை போதாமல், அக்கம்பக்கத்தில் மேலும் கடைகள் திறக்கப்பட்டன. 1973ல் அது நிறுவனமானது.

விலையைக் குறைப்பது எளிது. குறைந்த விலையில் நட்டப்படாமல் நிற்பதுதான் கடினம். அதற்குச் சைசெரியா கண்ட வழி, கடைச் சமையலறையின் வேலையைக் குறைப்பது. காய்கறி நறுக்குவது, குழம்பு காய்ச்சுவது போன்றவை மத்தியத் தொழிற்சாலைகளில் முடிந்துவிடும். கிளைகளில் சூடாக்கித் தட்டில் வைத்துப் பரிமாறினால் போதும். சாலட் கீரைக்காக ஃபுக்குஷிமாவில் சொந்தப் பண்ணை உண்டு. வெள்ளைக் குழம்பும் இறைச்சி உருண்டைத் துண்டுகளும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உள்ள நிறுவனத்தின் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. தரை துடைக்கும் முறையைக்கூட நேரம் கணக்கிட்டு மாற்றினார்கள்.

சோற்றின் மேல் வெள்ளைக் குழம்பும் இறைச்சிக் குழம்பும் ஊற்றி வாட்டும் ‘மிலான் டோரியா’ இங்கு மிகவும் பிரபலம். 1999ல் அதன் விலை 480 யென்னிலிருந்து 290 யென்னாகக் குறைக்கப்பட்டது.

2003ல் ஷங்ஹாயில் முதல் வெளிநாட்டுக் கிளை திறக்கப்பட்டது. பின்னர் தைவான், ஹாங்காங், சிங்கப்பூர் எனப் பரவியது. அண்மைய ஆண்டுகளில் பொருள்களின் விலை ஏறி மற்ற உணவகங்கள் விலையை உயர்த்தியபோதும், ஜப்பானில் சைசெரியா பெரும்பாலும் பழைய விலையிலேயே நின்றது. சீனா உள்ளிட்ட ஆசியக் கிளைகளின் லாபம் அதற்குக் கைகொடுத்தது.

இச்சிகாவாவின் அந்த மாடிக் கடை, இன்று நிறுவனத்தின் நினைவிடமாகப் பாதுகாக்கப்படுகிறது.