உறுதியான இலாபத்தை யார் தருகிறார்?

இராஜபாளையம் நூற்பாலை ஒன்றில் கணக்கெழுதும் இளைஞர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். இணையவழிப் பந்தய நிறுவனமொன்று புதியவர்களுக்கு 1,000 ரூபாய் மதிப்புள்ள இலவசப் பந்தயம் அளித்திருந்தது. அதை ஒரு கிரிக்கெட் அணியின்மேல் வைத்தால், அவ்வணி வெல்லும்போது 1,600 ரூபாய் கிடைக்கும். வேறொரு நிறுவனத்தில் எதிரணியின்மேல் சொந்தப் பணம் 1,000 வைத்தால், அது வெல்லும்போது 600 ரூபாய் ஆதாயம். முதல் அணி வென்றால் 1,600இல் சொந்தப் பணம் 1,000 கழியும். எவ்வணி வென்றாலும் மிஞ்சுவது 600. "சாமி, நான் யாரையும் ஏமாற்றவில்லையே! இதில் தவறென்ன?" என்றார்.

கணக்கில் பிழையில்லை; வினாவும் புதிதன்று. 1729ஆம் ஆண்டளவில் பாரிசில், நகரக் கடன் பத்திரங்களை அடைக்க அரசு பரிசுச் சீட்டு நடத்தியது. பரிசுத் தொகை, சீட்டுகளின் மொத்த விலையைவிட மிகுதியாயிருந்ததைக் கணித அறிஞர் லா கொந்தமின் கண்டுகொண்டார். அவரும் எழுத்தாளர் வோல்தேரும் குழுவாகச் சேர்ந்து சீட்டுகளை வாங்கிக் குவித்தனர். வோல்தேர் செல்வரானார். சட்டம் அவர்களைத் தண்டிக்க இடமில்லை. ஆயினும், அப்பணம் வானத்திலிருந்து பொழியவில்லை. வரி செலுத்திய மக்களின் கருவூலத்திலிருந்து வந்தது.

நம் மாநிலத்தில் 1968இல் அரசுப் பரிசுச் சீட்டு தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்றனர். 1990களில் இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பேருந்து நிலையக் கடைகளில் சீட்டுகள் தோரணமாய்த் தொங்கின. ஆலையில் ஷிஃப்ட் முடித்து வந்தவர் கூலியின் ஒரு பகுதியை அங்கே இறக்கிவிட்டு வீடு சென்றார். நாள்தோறும் தவறாமல் வென்றவர், கழிவு பெற்ற விற்பனையாளர் மட்டுமே. குடும்பங்கள் பல சிதைந்தபின், 2003இல் தமிழகம் அதனைத் தடைசெய்தது.

அறநெறி இறையியல் பந்தயத்திற்கு ஒரு நிபந்தனை வைத்தது: முடிவு இருதரப்பாருக்கும் ஐயத்திற்குரியதாய் இருக்கவேண்டும். வாய்ப்பு விளையாட்டு தன்னிலே அநீதியன்று. ஒருவர் தமக்கும் தம்மைச் சார்ந்தோருக்கும் தேவையானதை அது பறிக்கும்போது தீதாகிறது என்பது திருச்சபையின் மறைக்கல்வி.

"ஆலைகளும் பருத்தி விலைக்கு முன்பேர ஒப்பந்தம் செய்கின்றனவே" என்றார் இளைஞர். உண்மைதான், ஆனால் அங்கே பருத்தி நூலாகிறது. இங்கே எதுவும் விளைவதில்லை; பணம் கைமாறுகிறது. தூண்டிலிட்ட நிறுவனத்திற்கு அவர் தீங்கிழைக்கவில்லை என்பதை நானும் ஒப்புக்கொண்டேன். நிறுவனம் ஏன் இலவசமாய்த் தருகிறது? அதே சலுகையைப் பெறும் மற்றவர்களுள் பலர் பின்னர் தொடர்ந்து ஆடித் தோற்பர் என்பதற்காக. அவருடைய 600 ரூபாய் அவர்கள் இழப்பிலிருந்து வருகிறது. அவர்களுள் ஒருவர் அவருடன் அதே ஆலையில் பணிபுரிபவராகவும் இருக்கலாம்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது. எது குற்றம் என்பதைச் சட்டம் சொல்லிவிட்டது. நம் கைக்கு வந்த பணத்தை இழந்தவர் யார் என்னும் கேள்வியை ஒவ்வொருவரும் தம் உள்ளத்திடம்தான் கேட்கவேண்டும். அந்த இளைஞர் அன்று மறுமொழி கூறவில்லை; தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தார்.