கேக்குது, ஆனா விளங்குதில்லை: செவிப்புலவியல் பட்டப்படிப்பு பிறந்த கதை



எமது நிலையத்துக்குத் தொலைபேசி எடுக்கும் முதியவர்கள் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு ஒன்று உண்டு. "தம்பி, சத்தம் கேக்குது, ஆனா கதைக்கிறது விளங்குதில்லை." கலையகத்தில் நாங்கள் ஒலியைக் கூட்டினாலும் அவர்களுக்குப் பெரிய பயன் கிடைப்பதில்லை. இந்த ஒரு வசனத்துக்கு விடை தேடித்தான் ஒரு பல்கலைக்கழகத் துறையே உருவானது. அதன் பெயர் செவிப்புலவியல், அதாவது ஓடியோலொஜி. மகளோ மகனோ இதைப் படிக்கப்போவதாகச் சொன்னதும் "அது டொக்டர் படிப்போ?" என்று தயங்கும் பெற்றோருக்காகவும் இந்த மாத உரை.

முதலில் வந்தது கருவி. 1920களின் தொடக்கத்தில், வானொலியை வளர்த்த அதே வால்வுத் தொழில்நுட்பத்தைக் கொண்டு, அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் கேள்திறனை அளக்கும் ஓடியோமீற்றர்களைச் செய்தது. அதைக்கொண்டு நோயாளர்களை முறையாகச் சோதித்தவர்களில் முன்னோடி கோர்டியா பன்ச் என்பவர். பின்னர் சிக்காகோவுக்கு அருகிலுள்ள நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் அவர் கற்பித்து வந்தார். 1942இல் அவர் காலமானபோது, அவருடைய வகுப்பு ரேமண்ட் கார்ஹார்ட் என்ற இளம் ஆசிரியரின் கைக்கு வந்தது. கார்ஹார்ட் மருத்துவர் அல்லர். பேச்சுத் துறையில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்.

அது இரண்டாம் உலகப் போர்க்காலம். குண்டுவெடிப்பாலும் பீரங்கிச் சத்தத்தாலும் செவிப்புலன் இழந்த படைவீரர்கள் பெருந்தொகையாகத் திரும்பி வந்தார்கள். உட்செவியில் அழிந்த மயிர்க்கலங்கள் மனிதரில் மீண்டும் வளர்வதில்லை. சத்திரசிகிச்சையால் அதைச் சரிசெய்ய முடியாது. ஒரு கருவியைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் அது பெரும்பாலும் மேசை லாச்சிக்குள்தான் போய்ச் சேரும். ஆகவே அமெரிக்கத் தரைப்படை மூன்று மருத்துவமனைகளில் செவிப்புலன் புனர்வாழ்வு நிலையங்களை அமைத்தது. அவற்றுள் ஒன்றான, பென்சில்வேனியா மாநிலத்தின் டெஷோன் மருத்துவமனைக்கு 1944இல் கார்ஹார்ட் சென்றார். அங்கே வீரர்களின் கேள்திறன் அளக்கப்பட்டது. பல கருவிகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தார்கள். உதட்டசைவைப் பார்த்து விளங்கிக்கொள்ளவும், கருவியோடு கேட்டுப் பழகவும் பயிற்சி கொடுத்தார்கள்.

அந்த அனுபவம் ஒன்றைத் தெளிவாக்கியது. "பீப்" என்ற ஒலி கேட்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது, பேச்சு விளங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் 'பேஸ்போல்', 'எயார்பிளேன்' போல இரண்டு அசைகளிலும் சம அழுத்தமுள்ள சொற்களை மெதுமெதுவாகக் குறைத்துக் கேட்கவைத்து, பாதிச் சொற்களைச் சரியாகத் திருப்பிச் சொல்லக்கூடிய மிகக் குறைந்த ஒலியளவைக் கணித்தார்கள். வேறு சொற்பட்டியல்களைக் கொண்டு, போதிய சத்தத்தில் எத்தனை சொற்கள் விளங்குகின்றன என்றும் பார்த்தார்கள். நான் கணக்கியல் படித்தவன். வங்கிக் கூற்றை மட்டும் பார்த்து ஒரு வீட்டின் நிலையைச் சொல்ல முடியாதது போலத்தான் இதுவும் என்று எனக்குப் படுகிறது.

போர் முடிந்தபின் கார்ஹார்ட் நோர்த்வெஸ்டர்னுக்குத் திரும்பினார். 1940களின் இறுதிக்குள் செவிப்புலவியல் அங்கே தனிப் பாடத்துறையாக நிலைபெற்றது. பிற்காலத்தில் அமெரிக்காவில் முதுமாணிப் பட்டமே இத்தொழிலுக்கான தகைமையாக இருந்தது. 1990களில் ஹூஸ்டன் நகரின் பேலர் மருத்துவக் கல்லூரி இதற்கென ஒரு தொழில்சார் கலாநிதிப் படிப்பைத் தொடங்கியது. இன்று அங்கே இளமாணிக்குப் பின் பொதுவாக நான்கு ஆண்டுகள் படிக்க வேண்டும். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் முதுமாணிப் பட்டம் தேவை. பிரித்தானியாவில் இளமாணியோடும் தொழிலில் சேரலாம். இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பேச்சு, கேட்டல் விஞ்ஞானத்தில் இளமாணிப் பட்டப்படிப்பு உண்டு.

காதின் அமைப்பு, ஒலியின் பௌதிகம், மூளை ஒலியை உணரும் விதம், உடற்சமநிலை, பிறந்த குழந்தைகளுக்கான பரிசோதனை, உட்செவியில் பொருத்தும் கருவிகள் எனப் பாடங்கள் விரியும். கூடவே மேற்பார்வையின் கீழ் நோயாளர்களைச் சோதிக்கும் பயிற்சியும் உண்டு.

இனி எம் வீடுகளுக்கு வருவோம். செல்லடியையும் பொம்பரையும் கடந்து வந்த காதுகள் எங்கள் பெற்றோருடையவை. அதோடு முதுமையும் சேர்கிறது. உயர்ந்த சுருதி ஒலிகள் முதலில் மங்குவதால், குரல் கேட்கும். ஆனால் 'பால்' என்றார்களா 'கால்' என்றார்களா என்பது பிடிபடாது. அப்படிப்பட்ட ஒரு அம்மாவை ஆங்கிலச் சொற்களால் சோதித்தால், அவர் தடுமாறியது காதாலா மொழியாலா என்று யாரால் சொல்ல முடியும்? பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்கும் பேரப்பிள்ளையாலும் அதைத் தீர்க்க முடியாது. சொல்லை மொழிபெயர்த்தால் சோதனையே மாறிவிடும்.

தமிழ்ச் சொல்லைத் தமிழ்க் காதில் சோதிக்கத் தெரிந்த செவிப்புலவியலாளர்தான் அங்கே தேவை. போரில் காயப்பட்ட காதுகளுக்காகப் பிறந்த படிப்பு இது. போரிலிருந்து வந்த வீட்டுப் பிள்ளை அதைப் படிக்கக் கேட்டால், "டொக்டர் படிப்போ?" என்று கேட்காதீர்கள். "படி பிள்ளை, முதலில் அம்மம்மாவின் காதைப் பார்" என்று சொல்லுங்கள்.