பொருள் ஈந்த பெருவணிகர் காஜுலு லட்சுமிநரசு செட்டியார்

கோபுரமாய் ஓங்கி நில்லாத தருமமும் உண்டு. சென்னைப் பட்டணத்துத் தெலுங்கு வணிகர் குலத்தில் 1806ஆம் ஆண்டு தோன்றிய லட்சுமிநரசு செட்டியார், தந்தையார் சித்துலு செட்டியார் வழியில் அவுரி, துணி வாணிகம் புரிந்து பெரும் பொருள் ஈட்டினார். அப்பொருள் சென்ற வழியே அவருடைய வரலாறாகும்.

1844-இல் ‘கிரெஸென்ட்’ என்னும் ஆங்கில ஏட்டைத் தொடங்கினார். கபாலீசுவரர் சடையில் திகழும் பிறைக்கே ஆங்கிலத்தில் அப்பெயர்! இந்துக்களின் குறைகளைத் துரைத்தனத்தாருக்கு எடுத்துரைத்த அவ்வேடு, அரசாங்கப் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடமாக்கும் முயற்சியை விடாது எதிர்த்தது. 1852-இல் சென்னை சுதேசி சங்கத்தை நிறுவி, இலண்டன் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பமும் அனுப்பினார்.

எனினும் அவர் செயல்களுள் தலையாயது வேறொன்று. வரிப் பாக்கிக்காகக் குடியானவர்களின் விரல்களைக் கிட்டியிலிட்டு நெரிப்பதும், அண்ணாந்தாள் என்று குனிய வைத்துக் கயிற்றால் பிணிப்பதும் வருவாய்ச் சிப்பந்திகளின் வழக்கமாயிருந்தன. 1853-இல் பாராளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் வந்தபோது, செட்டியார் அவரை நாட்டுப்புறங்களுக்கு அழைத்துச் சென்று, அக்கொடுமைகளைக் குடிகள் வாயிலாகவே கேட்கச் செய்தார். சீமோர் காமன்ஸ் சபையில் இதனை எழுப்பினார். 1854-இல் விசாரணைக் கமிஷன் அமைந்தது. மறு ஆண்டு வெளிவந்த அறிக்கை, சித்திரவதை நடந்தது மெய்யே என ஒப்பியது. வயலில் உழைத்தவன் பட்ட வேதனைக்குக் கடல் கடந்து சாட்சி தேடித் தந்தவர் ஒரு வியாபாரி!

சி.எஸ்.ஐ. விருது பெற்றார், 1863-இல் சென்னைச் சட்டசபையில் அமர்ந்தார். 1868-இல் அவர் மறைந்தபோது ஈட்டிய செல்வமெல்லாம் பொதுப்பணியில் கரைந்து, இல்லத்தில் வறுமையே எஞ்சியிருந்தது.