யொஹான்னஸ் வெர்மீர்

யொஹான்னஸ் வெர்மீர் (1632–1675) டச்சு ஓவியர். டெல்ஃப்ட் நகரில் பிறந்து, அங்கேயே தொழில் செய்து, அங்கேயே தம் 43ஆம் வயதில் காலமானார். அவர் வரைந்தவை என்று பொதுவாக ஏற்கப்படும் ஓவியங்கள் ஏறத்தாழ 35 மட்டுமே. அவர் எழுதிய கடிதமோ நாட்குறிப்போ கிடைக்கவில்லை. ஞானஸ்நானப் பதிவு, திருமண ஒப்பந்தம், கடன் பத்திரங்கள், இறந்தபின் எடுத்த வீட்டுச் சாமான் பட்டியல் ஆகியவற்றிலிருந்தே அவர் வாழ்க்கையைக் கோத்தெடுக்க வேண்டியிருக்கிறது. இந்தக் குறைவைக் காரணமாக்கி அவரைப் புரியாத புதிராகவே பேசும் வழக்கம் உண்டு. உண்மையில் அவருடைய பலகைகளும் கித்தான்களும் அவர் வேலை செய்த விதத்தைத் தெளிவாகவே காட்டுகின்றன.

தந்தை ரெய்னியர் யான்ஸ் பட்டு நெசவுத் தொழிலில் இருந்தவர். பின்பு விடுதி நடத்தினார், ஓவியங்களை வாங்கி விற்கவும் செய்தார். 1631இல் ஓவியர்களின் தொழிற்சங்கமான புனித லூக்கா கில்டில் ஓவிய வணிகராகப் பதிந்துகொண்டார். 1641இல் டெல்ஃப்ட் சந்தைச் சதுக்கத்தில் ‘மெக்கெலன்’ என்ற விடுதியை வாங்கினார். மகன் யாரிடம் ஓவியம் கற்றார் என்பதற்கு ஆவணம் இல்லை. 1653 ஏப்ரலில் அவர் கத்தோலிக்கப் பெண்ணான கத்தரீனா போல்னஸை மணந்தார். மாமியார் மரியா தின்ஸ் முதலில் சம்மதக் கையெழுத்திட மறுத்தார். ஓவியர் லெயோனார்ட் பிராமரும் இன்னொருவரும் பேசிய பிறகு, தடுக்கமாட்டேன் என்ற அளவுக்கு இறங்கி வந்தார். புராட்டஸ்டண்டுக் குடும்பத்தில் பிறந்த வெர்மீர் திருமணத்தையொட்டிக் கத்தோலிக்கராக மாறியிருக்க வேண்டும் என்பது பெரும்பான்மை ஆய்வாளர் கருத்து. பின்னாளில் தம்பதியர் அந்த மாமியார் வீட்டிலேயே குடியிருந்தார்கள். பிறந்த 15 பிள்ளைகளில் 11 பேர் தந்தை இறக்கும்போது உயிரோடிருந்தார்கள்.

அதே 1653ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் கில்டில் சேர்ந்தார். பின்னர் இருமுறை அதன் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தொடக்கத்தில் பைபிள் கதையும் புராணக் கதையும் வரைந்தார். 1650களின் பிற்பகுதிக்குள் தமக்கான பொருளைக் கண்டுகொண்டார்: ஓர் அறை, இடப்பக்கம் ஒரு சன்னல், அதன் வழியே வரும் பகல் வெளிச்சம், ஏதோ ஒரு வேலையில் ஆழ்ந்திருக்கும் ஒருவர் அல்லது இருவர்.

‘பால் ஊற்றும் பெண்’ அரை மீட்டர் உயரம்கூட இல்லாத படம். வேலைக்காரப் பெண் மண்குடத்திலிருந்து பாலைச் சாய்க்கிறாள். மேசையில் ரொட்டித் துண்டுகள். பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். அந்தச் சுவரில் ஆணியும், ஆணி பிடுங்கிய துளையும், காரை உதிர்ந்த இடமும் உண்டு. ரொட்டியின் மேலோட்டில் வெளிச்சத்தைச் சின்னஞ்சிறு புள்ளிகளாக வைத்திருக்கிறார். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம் அண்மையில் செய்த ஆய்வு, அவர் முதலில் அவள் தலைக்குப் பின்னால் குடங்கள் மாட்டும் சட்டத்தையும் கீழே கணப்புக் கூடையையும் வரையத் தொடங்கி, பிறகு இரண்டையும் மூடிவிட்டார் என்று காட்டியது. சுவரின் வெறுமை அவர் வேண்டாதவற்றை நீக்கிப் பெற்றது. வெர்மீரின் படங்களில் காணும் அமைதி பெரும்பாலும் இப்படித் திருத்தித் திருத்தி வந்ததுதான்.

நீலத்துக்கு அவர் பயன்படுத்தியது இயற்கை அல்ட்ராமரீன். ஆப்கானிஸ்தான் சுரங்கங்களில் கிடைக்கும் லேபிஸ் லசூலி கல்லை அரைத்துப் பிரித்தெடுத்த இந்த நிறமி அக்காலத்தில் மிக விலையுயர்ந்தது. பல ஓவியர்கள் மலிவான அசுரைட்டை நாடிய இடங்களிலும் இவர் அதையே எடுத்தார். வெள்ளைச் சுவரின் நிழலிலும், சிவப்புப் பட்டாடையின் அடிப்பூச்சிலும்கூடக் கலந்தார். மேற்பரப்பில் நேராகத் தெரியாத அந்த நீலம்தான் அவருடைய நிழல்களுக்குக் குளிர்ந்த ஒளி தருகிறது. மஞ்சளுக்கு ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த நிறமி.

அறைகளின் தொலைவுத் தோற்றத்துக்கு அவர் கையாண்ட முறை எளியது. கோடுகள் எல்லாம் சென்று குவியும் புள்ளியில் ஓர் ஊசியைக் குத்தி, அதில் சுண்ணம் தடவிய நூலைக் கட்டி, தச்சர் மரத்தில் நூலடிப்பதைப் போலக் கோடு போட்டார். ஊசித் தடம் பத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களில் அகப்பட்டிருக்கிறது. இருட்டறைப் பெட்டியான கேமரா அப்ஸ்கியூராவின் வழியே காட்சியைப் பிடித்து அதன்மேல் வரைந்தார் என்று வாதிடுவோரும் உண்டு. கட்டடக்கலை அறிஞர் பிலிப் ஸ்டெட்மன் 2001இல் இதற்காக ஒரு நூலே எழுதினார். வெர்மீர் அப்படிப்பட்ட கருவியைப் பார்த்திருக்கக்கூடும். மங்கலான விளிம்புகளும் ஒளிப்புள்ளிகளும் அதை நினைவூட்டுகின்றன. ஆனால் 1676இல் எடுத்த சாமான் பட்டியலில் ஓவிய அறையில் இருந்தவையாக வருபவை இரண்டு படச்சட்டத் தாங்கிகள், மூன்று வண்ணத் தட்டுகள், பத்துக் கித்தான்கள், சில மேசைகள் போன்றவையே. ஒளியியல் கருவி எதுவும் இல்லை. எதை விடுவது, எதை வைப்பது என்ற முடிவை எந்தப் பெட்டியும் அவருக்காக எடுத்திருக்க முடியாது. அதே பட்டியலில் வெண்மயிர் ஓரம் வைத்த மஞ்சள் பட்டுச் சட்டை ஒன்றும் இருக்கிறது. அவருடைய பல பெண்கள் உடுத்தியிருப்பது இப்படிப்பட்ட சட்டையைத்தான்.

ஆண்டுக்கு இரண்டு மூன்று படங்களுக்கு மேல் அவர் முடித்திருக்க முடியாது. அவற்றில் பாதியளவு பீட்டர் வான் ரெய்வன், மரியா தெ க்னெய்ட் என்ற டெல்ஃப்ட் தம்பதியிடம் சென்றதாகத் தெரிகிறது. 1663இல் பிரெஞ்சுப் பயணி பல்தசார் தெ மோங்கொனி அவர் வீட்டுக்கு வந்தபோது காட்டுவதற்கு ஒரு படமும் இல்லை. பிறகு ஒரு ரொட்டிக்கடைக்காரரிடம் ஒன்றைப் பார்த்து, 600 லீவ்ர் கொடுத்தது மிக அதிகம் என்று குறித்து வைத்தார்.

1672இல் பிரான்சு படையெடுத்ததும் ஓவியச் சந்தை சரிந்தது. தம் படங்களையும், வணிகத்துக்காக வாங்கி வைத்திருந்த பிறர் படங்களையும் அவரால் விற்க முடியவில்லை. 1675 ஜூலையில் ஆம்ஸ்டர்டாமில் 1,000 கில்டர் கடன் வாங்கினார். டிசம்பரில் இறந்து டெல்ஃப்டின் பழைய தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். குடும்பச் சுமையால் மனமுடைந்து ஒன்றரை நாளில் போய்விட்டார் என்று மனைவி பின்னர் மனுவில் எழுதினார். 617 கில்டர் ரொட்டிக் கடனுக்கு ரொட்டிக்கடைக்காரர் ஹென்ட்ரிக் வான் பெய்டன் இரண்டு ஓவியங்களை எடுத்துக்கொண்டார். சொத்தை நிர்வகிக்க நகரம் நியமித்தவர், நுண்ணோக்கியால் புகழ்பெற்ற ஆன்டனி வான் லேவன்ஹுக்.

1696 மே மாதம் ஆம்ஸ்டர்டாம் ஏலத்தில் 21 வெர்மீர்கள் விலைபோயின. ‘டெல்ஃப்ட் காட்சி’ 200 கில்டர், ‘பால் ஊற்றும் பெண்’ 175 கில்டர். அதன்பின் அவர் பெயர் மங்கியது. சில படங்கள் பீட்டர் தெ ஹோக் போன்றோரின் பெயரில் சுற்றின. 1866இல் பிரெஞ்சு விமர்சகர் தியோஃபில் தொரே தொடராக எழுதிய கட்டுரைகள் அவரை மீட்டன. தொரேயின் பட்டியலில் பிறர் வரைந்தவையும் கலந்திருந்தன என்றாலும் அந்த உழைப்பு இல்லாமல் இன்றைய ஆய்வு இல்லை. 1881இல்கூட ஹேக் நகர ஏலத்தில் ‘முத்துத் தோடணிந்த பெண்’ 2 கில்டருக்கும் சில்லறைக்கும் போனது. அது குறிப்பிட்ட ஒருவரின் உருவப்படம் அன்று. கற்பனை உடையில் ஒரு முகத்தைத் தீட்டும் ‘ட்ரோனி’ என்ற வகை. இப்போது வெறும் கருமையாகத் தெரியும் பின்னணி ஒருகாலத்தில் பச்சைத் திரை என்பது அண்மை ஆய்வில் தெரியவந்தது.

புகழ் வந்ததும் போலியும் வந்தது. ஹான் வான் மேகரன் வரைந்த ‘எம்மாவு விருந்து’ படத்தை வெர்மீரின் தலைசிறந்த படைப்பு என்று அறிஞர் ஆப்ரகாம் பிரெடியஸ் புகழ, 1937இல் ராட்டர்டாமின் பாய்மன்ஸ் அருங்காட்சியகத்துக்காக அது வாங்கப்பட்டது. இன்னொரு போலி நாஜித் தலைவர் கோரிங்கின் கைக்குப் போனது. நாட்டின் செல்வத்தை எதிரிக்கு விற்றதாகக் கைதான மேகரன், தாமே வரைந்ததை நிரூபிக்கச் சாட்சிகள் முன் இன்னொரு படம் தீட்ட நேர்ந்தது. அந்தப் படங்களை இன்று பார்த்தால் கனத்த இமைகளும் தட்டையான ஒளியுமாக 1930களின் முகங்களே தெரிகின்றன. வெர்மீரின் ஒளியை ஒருமுறை நின்று பார்த்தவருக்கு அந்த வேறுபாடு உடனே புலப்படும்.

களவுகளும் அவரைத் துரத்தின. 1990 மார்ச் 18 அன்று பாஸ்டனின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்ட ‘இசை நிகழ்ச்சி’ இன்னும் கிடைக்கவில்லை. மறைந்திருந்தது வெளிவந்ததும் உண்டு: டிரெஸ்டனில் உள்ள ‘திறந்த சன்னலருகே கடிதம் படிக்கும் பெண்’ படத்தின் சுவரில் பிற்காலத்தவர் பூசிய வண்ணத்தை நீக்கியபோது, அடியிலிருந்த மன்மதன் உருவம் 2021இல் முழுமையாக வெளிப்பட்டது. 2023இல் ரைக்ஸ் மியூசியம் 28 ஓவியங்களை ஒன்றுசேர்த்து நடத்தியதே இதுவரை நடந்த மிகப் பெரிய வெர்மீர் கண்காட்சி.

அசல்களைப் பார்க்க விரும்புவோர் டெல்ஃப்டுக்குப் போய்ப் பயனில்லை. அவர் வரைந்த படம் ஒன்றுகூட அந்நகரில் இல்லை. ரைக்ஸ் மியூசியத்தில் நான்கும், ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹெய்ஸ் அருங்காட்சியகத்தில் மூன்றும் இருக்கின்றன.