சுவரோடு நடந்த கேமரா

1858ல் தஞ்சைப் பெரிய கோயிலில் கேப்டன் லின்னேயஸ் டிரைப் ஒரு விசித்திரமான வேலை செய்தார். மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரர் அவர். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளச் சுருளாக்கினார்.

இன்று இணையதளத்தில் நாம் விரலால் இழுத்துப் பார்க்கும் பனோரமா வேறு ரகம். அதில் கேமரா ஒரே புள்ளியில் நின்னு சுழலும். படங்கள் ஒரு கோளத்தின் உட்பக்கத்தில் ஒட்டப்படும். பார்ப்பவர் நடுவில் இருப்பார். டிரைப் கேமராவைத் தூக்கிக்கொண்டு சுவரோடு நடந்தார், கோயிலை வலம் வருகிற மாதிரி. நின்ற இடத்தில் சுழன்றால் தூரத்து எழுத்து சிறுத்துக் கோணலாகிவிடும். அவருக்கு வாசிக்கிற மாதிரி வேணும்.

1859ல் செலவைக் காட்டி ஆளுநர் டிரெவெல்யன் அந்த வேலையை நிறுத்தினார். ஆனா சுருள் பிழைத்தது. கிளமெண்டியில் உட்கார்ந்து அதைத் திரையில் பார்க்க முடிகிறது.

நம்ம பனோரமாக்கள் அவ்வளவு கெட்டியில்லை. 1995ல் ஆப்பிளின் குவிக்டைம் விஆர், பிறகு ஜாவா ஆப்லெட், பிறகு ஃப்ளாஷ். 2020 டிசம்பர் 31ோடு ஃப்ளாஷை அடோபி கைவிட்டதும், அதை நம்பியிருந்த பக்கங்களில் வெற்றுக் கட்டம்தான் மிச்சம். இப்போது வெப்ஜிஎல். அதுக்கும் ஒரு நாள் வரும்.

அதனால் காட்டும் நிரலை மட்டும் நம்பாமல், 360க்கு 180 டிகிரி முழுக் காட்சியை 2:1 அளவு ஜேபெக் கோப்பாகத் தனியே வைக்கணும். நிரல் செத்தாலும் படம் இருக்கும். அடுத்து வருபவர் வேறொரு கருவியில் விரிச்சுக்கொள்வார்.